தகரக் கொட்டகை வங்கி

இந்தியாவில் வட்டியே வாங்காமல் கடன் கொடுக்கும் வங்கி ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் தேடாதீர்கள், கிடைக்காது. கோயம்புத்தூர் கணபதியிலோ, குறிச்சி சிட்கோவிலோ, அம்பத்தூரிலோ, ஓசூரிலோ ஏதாவது ஒரு சந்துக்குள் நுழையுங்கள். தகரக் கூரை, நாலு லேத், தவணையில் வாங்கிய ஒரு சி.என்.சி. மெஷின், சுவரில் சாமி காலண்டர், எண்ணெய்க் கறை ஏறிய ஒரு மேஜை. அதுதான் தலைமை அலுவலகம். மேலாளர், காசாளர், காவலாளி மூவரும் ஒரே ஆள். அவர் இப்போது மெஷினுக்கு அடியில் குனிந்து இரும்புச் சுருளை அள்ளிக்கொண்டிருக்கிறார்.

இங்கே கடன் வாங்க விண்ணப்பப் படிவம் கிடையாது. ஜாமீன் வேண்டாம், சொத்துப் பத்திரம் வேண்டாம், சிபில் மதிப்பெண் பார்க்க மாட்டார்கள். ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டால் போதும். சரக்கு வந்து இறங்கும். பின்னாலேயே பில் வரும். அந்தப் பில்லை இழுப்பறையில் போட்டுச் சாத்திவிட்டால் கடன் அனுமதிக்கப்பட்டுவிட்டது. திருப்பிக் கட்டும் தேதியைக் கடன் வாங்கியவரே முடிவு செய்வார், தோன்றும்போது மாற்றிக்கொள்வார். வட்டி கேட்கும் கெட்ட பழக்கம் கடன் கொடுத்தவருக்குக் கிடையாது. ஒருமுறை கேட்டுப் பார்த்த பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அதற்கப்புறம் ஆர்டரே வரவில்லை என்பதை அவர் பார்த்திருக்கிறார்.

கடன் வாங்குகிறவர்கள் வக்கற்ற ஏழைகள் என்று நினைத்துவிடாதீர்கள். காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்ததும் டி.வி.யின் அடியில் பச்சையும் சிவப்புமாகப் பெயர் ஓடுகிறதே, அவர்கள்தான். காலாண்டுக் கணக்கு வெளியிடும்போது நடைமுறை மூலதனத்தை வெகு திறமையாகக் கையாண்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் தலையாட்டுவார்கள், பங்கு இரண்டு ரூபாய் ஏறும். அந்தத் திறமை எங்கே உற்பத்தியானது என்று யாரும் கேட்பதில்லை. குறிச்சியில் ஒரு வீட்டம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனதே, அங்கேதான்.

ஒரு பில் பணமாக மாறும் பாதையைக் கூடவே போய்ப் பார்த்தால்தான் பெரிய கம்பெனிகளின் கற்பனை வளம் புரியும். சரக்கு கேட்டில் இறங்கிய தேதி, சரக்கு வந்த தேதி அல்ல. ஸ்டோர்ஸ்காரர் ஜி.ஆர்.என். என்கிற சரக்கு வரவுச் சீட்டைப் போட்ட நாள்தான் வந்த தேதி. ஸ்டோர்ஸ்காரர் லீவில் இருப்பார். லீவு முடிந்து வந்தால் தரப் பரிசோதனைக்காரர் டிரெய்னிங் போயிருப்பார். அதுவரை சரக்கு வந்தும் வராத ஒரு வேதாந்த நிலையில் கிடக்கும். காகிதத்தில்தான் அப்படி. நிஜத்தில் அந்தச் சரக்கு அசெம்பிளி லைனுக்குப் போய், பூட்டப்பட்டு, வண்டியாகி, ஷோரூமில் நின்று, யாரோ அதற்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பத்தோடு பழனிக்கே போய்த் திரும்பியாகிவிட்டது. அதில் உள்ள புஷ்ஷுக்கு மட்டும் இன்னும் பணம் வரவில்லை.

பிறகு போன் ஆரம்பிக்கும்.

"சார், வணக்கமுங்க. ஆகஸ்ட் மாசப் பில்லுங்க சார்..."

"அண்ணா, பில் பாஸ் ஆயிருச்சுண்ணா. பேமெண்ட் வெள்ளிக்கிழமைதான் போடுவோம்."

வெள்ளிக்கிழமை: "சிஸ்டம் மாத்தறாங்கண்ணா, அடுத்த வாரம் கூப்பிடுங்க."

அடுத்த வாரம்: "ஒரு டெபிட் நோட் இருக்குதுண்ணா. நாலு பீஸ் ரிஜெக்‌ஷன். அது செட்டில் ஆனாத்தான் மொத்தமும் ரிலீஸ் ஆகும்."

"நாலு பீஸ் எண்ணூறு ரூபாதானுங்க சார். அதைப் புடிச்சுக்கிட்டு மிச்சத்தைப் போட்டு வுடுங்க. சனிக்கிழமை கூலி போடோணுமுங்க."

"சிஸ்டம் ஒத்துக்காதுண்ணா."

அதற்கடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டியவர் ஜெர்மனியில் இருப்பார்.

ஐம்பத்தைந்து வயதுக்காரர் இருபத்தாறு வயதுப் பையனை 'சார்' என்கிறார். பையன் அவரை 'அண்ணா' என்கிறான். உறவுமுறையில் தம்பி, கணக்குமுறையில் சார். பையன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் காலாண்டு முடியும்வரை வெளியே போகும் பணத்தை இறுக்கிப் பிடி என்று மேலேயிருந்து அவனுக்கு மெயில் வந்திருக்கும். அவனுடைய சம்பளம் மாதக் கடைசியில் தவறாமல் ஏறிவிடுகிறது. அவன் சம்பளத்துக்கு ஜி.ஆர்.என். கிடையாது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு கொடுக்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் பில் 11.80 லட்சம். சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி, அதாவது நம் பெரியவர், 120 நாளில் பணம் தருகிறார். அதாவது எப்போது பார்த்தாலும் நாலு மாதப் பில், 47.20 லட்சம், அவர் இழுப்பறையில் கிடக்கிறது. பட்டறைக்காரர் இந்த ஓட்டையை வங்கியின் கேஷ் கிரெடிட்டால் அடைக்கிறார். 11 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 5.20 லட்சம். வருட வியாபாரம் 1.20 கோடி, லாபம் 6 சதவீதம் என்றால் 7.20 லட்சம். ஏழேகாலில் ஐந்தேகால் பெரியவரின் திறமைக்குப் போய்விட்டது. மிச்சம் இரண்டு லட்சத்தை வைத்து அவர் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டி, மெஷினுக்கு ஸ்பிண்டில் மாற்றி, பிறகு நாட்டை உலகின் உற்பத்தி மையமாகவும் ஆக்க வேண்டும்.

இரும்புக் கடைக்காரரிடம் 120 நாள் கேட்டால் சிரிப்பார். அவருக்கு ஏழு நாள். பெரிய ஆலையிலிருந்து நேரே வாங்கினால் முன்பணம். மேலே இருப்பவனுக்கும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், கீழே இருப்பவனுக்கும் அந்தந்த வாரமே கொடுக்க வேண்டும். நடுவில் நிற்பவர் மட்டும் காத்திருக்கப் பிறந்தவர்.

அரசாங்கமாவது காத்திருக்கிறதா? பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். காலாண்டுத் திட்டத்தில் சேர்ந்த சின்னவர்களுக்கு முதல் இரண்டு மாதங்களில் 25 வரை சலுகை. ஐந்து நாள்! எவ்வளவு தாராளம்! கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டு, தாமதமானால் 18 சதவீத வட்டி கட்டு என்கிறது சட்டம். சார், பார்ட்டி இன்னும் பணம் தரவில்லை என்று ஜி.எஸ்.டி. போர்ட்டலிடம் சொல்லிப் பாருங்கள். அதில் அப்படியொரு கட்டமே கிடையாது.

அதே ஜி.எஸ்.டி. சட்டம் வாங்கியவரிடம் எப்படிப் பேசுகிறது தெரியுமா? விற்றவருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் நீ எடுத்த உள்ளீட்டு வரிக் கழிவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்கிறது. அதாவது பட்டறைக்காரர் அடுத்த மாதமே கட்டிய 1.80 லட்சத்தைப் பெரியவர் உடனே தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தைப் பட்டறைக்காரருக்குக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம். பெரியவர் கையிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகாமலே அவருக்கு வரி மிச்சம். குறிச்சி வங்கி அசலோடு வரியையும் சேர்த்தே கடன் கொடுக்கிறது.

சரி, சின்னவரைக் காப்பாற்றச் சட்டமே இல்லையா? இருக்கிறது, ஐயா, இருக்கிறது. சட்டத்துக்கு இந்த நாட்டில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? 1993இலேயே தாமதப் பணத்துக்கு வட்டி கேட்கச் சிறுதொழில்களுக்கு ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 2006இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. மூன்றால் பெருக்குங்கள், 20.25. இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. தீர்ப்பை எதிர்த்து மேலே போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் டெபாசிட் கட்ட வேண்டும். படித்தால் புல்லரிக்கும். இத்தனை பல்லோடு ஒரு சட்டம் இருந்தும் யாரையும் கடித்ததாகப் பட்டறைக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க முடியவில்லையே, ஏன்?

ஏனென்றால் அந்தச் சட்டம், உனக்குச் சோறு போடுகிறவன்மேல் நீயே வழக்குப் போடு என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நாலு இடத்தில் இதற்கான கவுன்சில் உண்டு. 2017இல் சமாதான் என்று ஒரு போர்ட்டலே திறந்தார்கள். வீட்டிலிருந்தபடியே புகார் கொடுக்கலாம், 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கவுன்சிலே தாமதமானால் அதற்கு மூன்று மடங்கு வட்டி போட யாரும் இல்லை என்பது வேறு விஷயம். புகார் போய்ச் சேர்ந்த மறுநாள் பர்ச்சேஸ் மேனேஜரிடமிருந்து போன் வரும். கோபமே இருக்காது, குரலில் தேன் வழியும். "என்னண்ணா, நம்மளுக்குள்ள இதெல்லாம் வேணுமா?" என்பார். அதோடு சரி. ஆர்டர் சத்தமில்லாமல் காங்கேயத்துக்கோ ராஜ்கோட்டுக்கோ போய்விடும். ஆகவே துணிந்து புகார் கொடுப்பவர் பெரும்பாலும் யாரென்றால், பட்டறையை மூடிவிட்டுச் சாவியை ஹவுஸ் ஓனரிடம் கொடுத்தவர். இழப்பதற்கு அவரிடம் ஆர்டர் இல்லை. சட்டம் தொழிலைக் காப்பாற்ற வந்தது, காரியத்துக்கு மட்டுமே பயன்படுகிறது.

பில்லை வைத்து உடனே பணம் எடுக்க ட்ரெட்ஸ் என்று ஒரு மேடையும் இருக்கிறது. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: வாங்கிய கம்பெனி அந்தப் பில்லைச் சரியென்று மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும். பில்லை இழுப்பறையில் பூட்டியவரிடமே சாவியையும் கொடுத்து, அவரே வந்து திறப்பார், காத்திரு என்கிறார்கள்.

2023இல் நிதியமைச்சருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவுக்கு ஒரு வால் சேர்த்தார்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவைக் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். முதல்முறையாகப் பெரியவரின் சட்டைப்பையில் ஒரு கை விழுந்தது. நியாயமாக என்ன நடக்க வேண்டும்? 2024 மார்ச்சுக்குள் பணம் கொட்டியிருக்க வேண்டும். சில இடங்களில் கொட்டவும் செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிற்பேட்டைகளில் வேறு வகைப் போன்களும் வந்தன. "அண்ணா, அந்த உத்யம் ரிஜிஸ்ட்ரேஷனைக் கேன்சல் பண்ணிருங்க. எங்க ஆடிட்டர் கேக்கறாரு." உத்யம் என்பது சிறுதொழில் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு. நோயாளிக்கு மருந்து பிடிக்கவில்லை என்றதும் மருந்தை நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து நோயாளியின் பெயரையே அடிக்கச் சொன்னார்கள். சிறுதொழிலாக இருந்துகொண்டே சிறுதொழில் இல்லை என்று எழுதிக் கொடு, ஆர்டர் தருகிறேன். எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. வேறென்ன செய்வார்கள்? சனிக்கிழமை வந்துவிடுகிறதே.

இதில் அரசாங்கமும் ஒரு பெரிய வாடிக்கையாளர் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் செய்து கொடுத்தவர், நகராட்சிக்கு மோட்டார் ரிப்பேர் பார்த்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'ஃபண்ட் வரலீங்க' என்கிற இரண்டே சொல்லில் மூன்று நிதியாண்டை ஓட்டிவிடும் கலை அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே கைவந்தது. 43பி அவர்களை ஒன்றும் செய்யாது. அரசுத் துறை வருமான வரி கட்டுவதில்லை, ஆகவே எந்தச் செலவையும் கழிக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. 45 நாளில் பணம் கொடு என்று ஊருக்குச் சட்டம் போட்டவரின் வீட்டிலேயே பில் தூசி தட்டப்படாமல் கிடக்கிறது.

இப்போது எதிர்ப் பக்கம் பாருங்கள். பெரியவர் 120 நாள் தாமதித்தால் அதற்குப் பெயர் கிரெடிட் டெர்ம்ஸ். பட்டறைக்காரர் வங்கித் தவணையை 90 நாள் தாமதித்தால் வாராக்கடன். 2002இல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம். அதற்கு முன்னாலேயே இன்னொரு வேடிக்கை நடக்கும். கேஷ் கிரெடிட் கணக்குக்கு மாதாமாதம் ஸ்டாக் கணக்கும் வர வேண்டிய பாக்கிக் கணக்கும் கொடுக்க வேண்டும். வழக்கமாக 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியை வங்கி கணக்கில் எடுப்பதில்லை. பெரியவர் 91ஆம் நாளுக்குள் நுழைந்ததும் பட்டறைக்காரர் எடுக்கக்கூடிய தொகை சுருங்கிவிடும். பணம் வராததால் வங்கிக்குப் போகிறார். பணம் வரவில்லை என்பதாலேயே வங்கி கையை விரிக்கிறது. அங்கிருந்து வெளியே வந்தால் எதிர்ச் சந்தில் மீட்டர் வட்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்தாயிற்று. அவர் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் ஒன்று, கேட்ட அன்றைக்கே பணம் கொடுப்பவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

திவால் சட்டத்தில் போய் நில்லுங்களேன் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். போகலாம்தான். முன்பு ஒரு லட்சம் பாக்கி இருந்தாலே கம்பெனிமேல் மனுப் போடலாம். 2020 மார்ச் 24 அன்று அந்த வரம்பை ஒரு கோடியாக்கிவிட்டார்கள். கொரோனா காலத்தில் சிறுதொழில்களை யாரும் திவாலுக்கு இழுத்துவிடக் கூடாதே என்ற பரிவினால் செய்தது. பரிவு முடிந்தது, வரம்பு அப்படியே நிற்கிறது. ஒரு கோடி பாக்கி வைக்கும் அளவுக்குச் சரக்கு கொடுத்த பட்டறை, அந்தப் பணம் வருவதற்குள் தானே திவாலாகியிருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் கருத்தரங்கு நடத்துகிறார்கள். ஏ.சி. ஹால், மேடையில் பேனர், "சிறுதொழில்களுக்கான பணப்புழக்க மேலாண்மை". கோட்டுப் போட்ட பேச்சாளர் வருவார். பெரும்பாலும் அவர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைகூடச் சனிக்கிழமைக் கூலி போட்டிருக்க மாட்டார். பணம் வரும் தேதியையும் போகும் தேதியையும் எக்செல்லில் எழுதி வையுங்கள் என்பார். போகும் தேதியை எழுதவே வேண்டாம், ஐயா, சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. 7ஆம் தேதி சம்பளமும் டி.டி.எஸ்.ஸும், 15ஆம் தேதி பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும், 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடுவில் கரண்ட் பில், அது தாண்டினால் வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். வரும் தேதிக் கட்டத்தில் என்ன எழுதுவது? 'அண்ணா, அடுத்த வாரம்' என்று எழுதினால் எக்செல் கூட்டிக் காட்டுமா?

பேச்சாளர் நிறுத்த மாட்டார். வாடிக்கையாளரிடம் முன்பணம் கேளுங்கள் என்பார். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும், அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார். சீக்கிரம் பணம் தந்தால் 2 சதவீதம் தள்ளுபடி கொடுங்கள் என்பார். சட்டம் தரச் சொன்ன பணத்தைச் சட்டம் சொன்ன தேதியில் வாங்க நான் லஞ்சம் கொடுக்க வேண்டுமாம். ஒரே வாடிக்கையாளரை நம்பாதீர்கள் என்பார். அந்த ஒருவருக்காகவே போட்ட டையும் ஜிக்கும் ஃபிக்ஸரும் பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, அவற்றில் வேறு யாருடைய பொருளும் உட்காராது. ஆறு மாதச் செலவைக் கையிருப்பில் வையுங்கள் என்பது கடைசி அறிவுரை. வைத்திருக்கிறார், ஐயா! ஆறு மாதச் செலவு பத்திரமாக இருக்கிறது. யாருடைய கையில் இருக்கிறது என்று இந்தக் கூட்டத்துக்கு ஸ்பான்சர் செய்தவரைக் கேளுங்கள்.

இந்த மேலாண்மைப் பாடத்தில் எனக்கு வரும் ஆத்திரம் இதுதான். பறிகொடுத்தவனுக்கு வகுப்பெடுக்கிறார்கள், பறித்தவனுக்கு எடுப்பதில்லை. வாங்கியதற்குக் காசு கொடுப்பது எப்படி என்று பெரிய கம்பெனிகளின் நிதி அதிகாரிகளுக்கு ஒரே ஒரு மணி நேரம் கருத்தரங்கு நடத்திய சங்கம் உண்டா? மாறாக வருடத்துக்கு ஒருமுறை வெண்டர் மீட் நடத்துவார்கள். நாம் அனைவரும் ஒரே குடும்பம், நீங்கள் எங்கள் பார்ட்னர்கள் என்பார்கள். சிறந்த சப்ளையருக்குக் கண்ணாடி ஷீல்டு கொடுத்து, நிர்வாக இயக்குநரோடு போட்டோ எடுப்பார்கள். ஷீல்டு வாங்கியவர் கைகுலுக்கும்போது, ஆகஸ்ட் பில்லைப் பற்றி இப்போது கேட்கலாமா என்று யோசிப்பார். போட்டோவில் அவர் முகம் கொஞ்சம் கோணலாக விழுந்திருப்பது அதனால்தான். தீபாவளிக்கு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸும் வரும். பட்டறையில் இருக்கும் பன்னிரண்டு பேரும் போனஸ் எங்கே என்று கேட்கும்போது அவர் ஆளுக்கு இரண்டு மைசூர்பாகு கொடுக்கலாம்.

நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. பெரியவரின் இழுப்பறையைத் திட்டிக்கொண்டே பட்டறைக்காரர் தன் இழுப்பறையிலும் நாலு பில் வைத்திருக்கிறார். பிளேட்டிங் போட்டுக் கொடுத்தவருக்கு மூன்று மாதமாகப் பாக்கி. டூல் தீட்டித் தரும் கிழவருக்கு, "நாளைக்கு வாங்கோ." டெம்போக்காரருக்கு டீசலுக்கு மட்டும். தனக்கு வரவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பெரியவருக்கும் அவருக்கு மேலே ஒருவர் இருப்பார், அவருக்கும் இதே நியாயம்தான். ஆளாளுக்குக் கீழே தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பவர் ஒடிசாவிலிருந்து வந்து மெஷினில் நிற்கும் பையன். அவன் யாருக்குத் தள்ளுவான்? ஊரில் அவன் அம்மாவுக்குத்தான். 45 நாள் சட்டம் பிளேட்டிங்காரருக்கும் பொருந்தும் என்பதைப் பட்டறைக்காரர் ஞாபகம் வைத்துக்கொண்டு பிறகு திட்டினால் அந்தத் திட்டுக்கு இன்னும் எடை கூடும்.

இன்னொரு அழகு. பெரிய கம்பெனிகள் குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை ஆண்டறிக்கையில் தனியாகக் காட்ட வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பாக்கிகளை வயதுவாரியாகவும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதி. நல்ல விதி என்று நானும் மகிழ்ந்து அந்த அட்டவணையைப் பார்த்தேன். 45 நாள் கெடு வைத்த நாட்டில், கெடு தாண்டிய பாக்கிக்கு வைத்திருக்கும் மிகச் சின்ன வயதுக் கட்டம் என்ன தெரியுமா? 'ஓராண்டுக்குள்.' அடுத்தது 1 முதல் 2 ஆண்டு, பிறகு 2 முதல் 3, கடைசியில் 3 ஆண்டுக்கு மேல். கட்டம் போட்டவர் நம் கம்பெனிகளை நன்றாக அறிந்தவர். கெடு தாண்டி ஒரு நாளாகியிருந்தாலும் முந்நூறு நாளாகியிருந்தாலும் எல்லாம் ஒரே கட்டத்தில் கௌரவமாக உட்கார்ந்துகொள்ளும்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பட்டறைக்காரர் போடும் ஒவ்வொரு பில்லும் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஏறுகிறது. தேதி தெரியும், தொகை தெரியும், யார் வாங்கியது என்று தெரியும். 2024 அக்டோபரிலிருந்து வாங்கியவர் அந்தப் பில்லைப் போர்ட்டலிலேயே ஏற்கவோ மறுக்கவோ வசதி செய்திருக்கிறார்கள். விற்றவர் உத்யமில் பதிந்த குறு நிறுவனமா என்பதும் அரசாங்கத்தின் இன்னொரு கணினியில் இருக்கிறது. பட்டறைக்காரர் ஒரு நாள் பிந்தினால் தானாக அபராதம் போடத் தெரிந்த கணினிக்கு, பெரியவர் பிந்தினால் மட்டும் கணக்கு மறந்துபோகிறது.

ஆகவே புதிதாகச் சட்டம் வேண்டாம், போர்ட்டல் வேண்டாம், திட்டத்துக்கு இந்தியில் இன்னொரு அழகான பெயரும் வேண்டாம். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் உட்காரும் மத்திய, மாநில அமைச்சர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உள்ளீட்டு வரிக் கழிவுக்கான விதியில் 180 நாள் என்று இருக்கிறது. விற்றவர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணை அடித்துவிட்டு 45 என்று எழுதுங்கள். பில்லை இழுப்பறையில் போட்டவரின் வரிக் கழிவு 46ஆம் நாள் தானாகவே வெட்டப்படட்டும். யாரும் யார்மேலும் புகார் கொடுக்க வேண்டியதில்லை. 45 நாள் என்பது நீங்களே 2006இல் போட்ட சட்டம்தான்.